சென்னை ஃப்ளாட்டை வெளியூரிலிருந்து விற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை மாறி பெங்களூரு, புனே, கோவை என்று குடிபெயர்ந்தவர்கள் விட்டுவந்த சென்னை ஃப்ளாட் மாதக்கணக்கில் விலைபோகாமல் கிடப்பது சாதாரணம். சந்தை மந்தம் என்று சொல்லிக்கொள்கிறோம். பெரும்பாலும் காரணம் அதுவல்ல. கேட்கும்போது திறந்து காட்ட ஆளில்லை, பத்திரக் கட்டில் ஏதோ ஒன்று குறைகிறது, அல்லது விலை ஒரு பழைய கணக்கில் நிற்கிறது. கீழே உள்ளவை மறுவிற்பனை ஃப்ளாட்டுக்கு மட்டும். கட்டணங்களை அரசு அவ்வப்போது மாற்றும். பதிவுக்கு முன் பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஆறு மாதமாக விளம்பரம் ஓடுகிறது, ஒன்றும் முடியவில்லை. கோளாறு எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள். அழைப்பே வரவில்லை என்றால் விலை அதிகம், அல்லது விளம்பரத்தில் புகைப்படம் சரியில்லை. அழைப்பு வருகிறது, பார்க்க வருவதில்லை என்றால் சாவிப் பிரச்சினை: "சனிக்கிழமை வாட்ச்மேன் இருந்தால் காட்டுவார்" என்ற பதிலைக் கேட்டவர் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். பார்த்துவிட்டுப் போகிறவர்கள் திரும்பி அழைப்பதில்லை என்றால் வீட்டின் நிலையைக் கவனியுங்கள். விலை பேசி, அட்வான்ஸ் வரை வந்து, அவர்களுடைய பேங்க் வக்கீலிடம் போனபின் நின்றுபோனால் கோளாறு பத்திரத்தில்தான். அங்கே இரண்டு லட்சம் விலையைக் குறைத்து ஒரு பயனும் இல்லை. பலரும் நான்கு நோய்க்கும் விலைக்குறைப்பு என்ற ஒரே மருந்தைக் கொடுக்கிறார்கள்.

என்ன விலை சொல்வது?

பக்கத்து ஃப்ளாட்காரர் சொல்லும் விலையை விடுங்கள்; அவரும் இன்னும் விற்கவில்லை. பேங்க் மதிப்பீட்டாளர் போடும் கணக்கையே நீங்களும் போட்டுப் பாருங்கள். ஃப்ளாட்டின் விலை என்பது இரண்டு துண்டு: யுடிஎஸ் எனப்படும் பிரிபடாத மனைப் பங்கின் விலையும், தேய்மானம் கழித்த கட்டிட விலையும்.

ஓர் உதாரணம். 1,000 சதுர அடி ஃப்ளாட், யுடிஎஸ் 480 சதுர அடி, கட்டி 15 வருடம். அந்தத் தெருவில் காலிமனை கிரவுண்டு (2,400 சதுர அடி) 2 கோடியே 28 லட்சம் என்றால், 2,400ஆல் வகுக்க, சதுர அடி 9,500 ரூபாய். 480 சதுர அடிக்கு 45.6 லட்சம். கட்டிடத்துக்குச் சதுர அடி 2,400 ரூபாய் வீதம் 24 லட்சம், வருடத்துக்கு 1.5% தேய்மானம் என்றால் 15 வருடத்தில் 22.5% போய், மிச்சம் 18.6 லட்சம். இரண்டும் சேர்ந்து 64.2 லட்சம். மூடிய கார் பார்க்கிங், லிஃப்ட், நல்ல தண்ணீர், கிழக்குப் பார்த்த வாசல் இருந்தால் கொஞ்சம் ஏறும். லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி, வடகிழக்கில் கழிவறை என்றால் கொஞ்சம் இறங்கும். வாஸ்துவில் உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, வாங்குபவரின் மாமனாருக்கு இருக்கும்.

இந்த ஃப்ளாட்டுக்கு 67 லட்சம் சொல்லி 64இல் முடிக்கலாம். 78 சொன்னால் பேரம் பேசக்கூட ஆள் வராது. இன்னொன்று: வாங்குபவரின் பேங்க், பேசிய விலை அல்லது தன் மதிப்பீடு, இரண்டில் எது குறைவோ அதன் மேல்தான் லோன் கணக்கிடும். மதிப்பீட்டுக்கு மேல் நீங்கள் கேட்கும் ஒவ்வொரு லட்சத்தையும் அவர் கைக்காசாகப் போட வேண்டும்.

விளம்பரத்தில் சூப்பர் பில்டப் பரப்பை (பொது இடப் பங்கும் சேர்த்தது) மட்டும் பெரிதாகப் போட்டு யுடிஎஸ்ஸை மறைப்பவர்கள் உண்டு. சென்னையில் வாங்குகிறவரின் முதல் கேள்வியே யுடிஎஸ் எவ்வளவு என்பதுதான். போட்டுவிடுங்கள்.

அதே பட்ஜெட்டில் புது ஃப்ளாட் பார்ப்பவர்களை எப்படி இழுப்பது?

பதிவுச் செலவில் மறுவிற்பனைக்குப் பாதகம் உண்டு. மறுவிற்பனையில் முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, ஆக 9%. பில்டரிடமிருந்து முதல் விற்பனையாக வாங்கும் ஃப்ளாட்டுக்கு 2023 டிசம்பர் முதல், மனையையும் கட்டிடத்தையும் சேர்த்து மதிப்பிடும் கூட்டு மதிப்பு முறை வந்தது: 50 லட்சம் வரை மொத்தம் 6%, அதற்கு மேல் 3 கோடி வரை 7%. பதிவு மதிப்பு 64 லட்சம் என்று வைத்தால் வித்தியாசம் 1.28 லட்சம்.

ஆனால் கட்டி முடிக்காத புது ஃப்ளாட்டுக்கு 5% ஜிஎஸ்டி உண்டு (45 லட்சத்துக்கு உட்பட்ட சிறிய வீடுகளுக்கு 1%). 64 லட்சத்துக்கு 3.2 லட்சம். உங்கள் ஃப்ளாட்டுக்கு அது இல்லை. பழைய கட்டிடங்களில் யுடிஎஸ்ஸும் பொதுவாகக் கூடுதல். இந்த இரண்டையும் எண்ணாகவே சொல்லுங்கள். "அருமையான லொகேஷன்" என்பதைவிட அது வேலை செய்யும்.

வாடகைக்கு விட்டபடியே விற்கலாமா, காலியாக வைக்க வேண்டுமா?

தானே குடியேற வாங்குபவர்தான் பெரும்பான்மை. அவருக்குக் காலி வீடு வேண்டும். வாடகைக்காரர் இருக்கும் வீட்டை முதலீட்டாளர் வாங்குவார், விலையை அடித்துக் கேட்பார். அதோடு, வீட்டை விற்றால் தான் வெளியேற வேண்டும் என்று தெரிந்த வாடகைக்காரர் காட்ட வருகிறவர்களிடம் குழாயில் உப்புத் தண்ணீர் என்பதிலிருந்து மேல்வீட்டுச் சத்தம் வரை அனைத்தையும் சொல்லிவைப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

நடுவழி ஒன்று உண்டு. விற்பது ஒரு வருடத்துக்கு மேல் ஆகலாம் என்று தோன்றினால் 11 மாத ஒப்பந்தம் போட்டு, வாரத்தில் குறிப்பிட்ட இரு நாள் காட்ட அனுமதி, விற்பனை முடிவானால் இரண்டு மாத நோட்டீஸ், அதற்கு ஈடாக வாடகையில் சலுகை என்று முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, வாடகை அதிகாரியிடம் பதிவாகவும் வேண்டும். வாய்மொழி ஏற்பாட்டில் இருப்பவரைக் கிளப்புவது தூரத்திலிருந்து நடக்காத காரியம்.

பூட்டிக் கிடக்கும் வீட்டில் என்ன கெடும்?

முதலில் நாற்றம். பாத்ரூம் தரைக் குழியிலும் வாஷ்பேசினுக்கு அடியிலும் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை வாயுவைத் தடுக்கிறது. சென்னை வெயிலில் சில வாரங்களில் அது வற்றிவிடும். பின் நாற்றமும் கரப்பானும் மேலே வரும். பூட்டும்போது ஒவ்வொரு குழியிலும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டால் ஆவியாவது குறையும். கழிவறைக் கோப்பையை மூடிவையுங்கள்.

அடுத்தது ஈரம். மொட்டைமாடிக்குக் கீழ் உள்ள தளம் என்றால் வடகிழக்குப் பருவமழைக்குப் பின், அதாவது டிசம்பர் கடைசியில், யாரையாவது கூரையையும் ஜன்னல் ஓரங்களையும் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். கசிவைச் சரிசெய்யாமல் மேலே பெயிண்ட் அடித்தால் ஒரு மழைக்குள் உப்பு பூத்துக் காட்டிக்கொடுத்துவிடும். மர அலமாரியின் பின்பலகையில் கரையான் மண்கோடு தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இபி பில்லை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆன்லைனில் கட்டிவிடுங்கள். இணைப்பு துண்டிக்கப்பட்ட வீட்டை இருட்டில், மின்விசிறி இல்லாமல் காட்டினால் யாரும் ஐந்து நிமிடம் நிற்கமாட்டார்கள்.

பழுதுக்கு எவ்வளவு செலவிடலாம்? சுண்ணாம்பு வெள்ளைக்கு நெருக்கமான நிறத்தில் ஒரு பெயிண்ட், ஒழுகும் குழாய்கள், எரியாத விளக்குகள், உடைந்த கொசுவலை, நல்ல சுத்தம். இதோடு நிறுத்துங்கள். மாடுலர் கிச்சன் போட்டு விற்றால் போட்ட காசு திரும்பாது.

சாவியை யாரிடம் கொடுப்பது? புரோக்கர் வேண்டுமா?

அதே வளாகத்தில் பகலில் இருக்கும் ஒருவர்தான் சிறந்தவர்: பணி ஓய்வு பெற்ற அண்டைவீட்டுக்காரர், அசோசியேஷன் செயலாளர். அப்படி யாரும் இல்லையென்றால் அந்தத் தெருவிலேயே வேலை பார்க்கும் புரோக்கர். நகரம் முழுக்கச் செய்கிறேன் என்பவர் நாலாவது வாரத்துக்குப் பின் போன் எடுக்கமாட்டார்.

விற்பவரிடம் 1% என்பது பரவலான கமிஷன். 64 லட்சத்துக்கு 64 ஆயிரம். தூரத்திலிருந்து விற்பவருக்கு இது வீண் செலவு அல்ல. ஆனால் மூன்றை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: சதவீதம், எப்போது கொடுப்பது (பதிவு நாளன்று, அட்வான்ஸ் அன்று அல்ல), உங்கள் சம்மதமில்லாமல் யாரிடமும் டோக்கன் பணம் வாங்கக் கூடாது என்பது. ஐந்து புரோக்கர்களிடம் ஐந்து விலை சொல்லாதீர்கள். ஒரே ஃப்ளாட் இணையத்தில் 64, 67, 72 என்று மூன்று விலையில் தெரிந்தால் பார்ப்பவர் 64இலிருந்து கீழே பேச ஆரம்பிப்பார்.

ஆடியிலும் மார்கழியிலும் பார்க்க வருவார்கள், அட்வான்ஸ் கொடுக்கமாட்டார்கள். அதைப் பார்த்துப் பதறி விலையைக் குறைக்க வேண்டாம். ஆவணியும் தையும் பிறக்கட்டும்.

என்னென்ன பத்திரங்கள் தயாராக இருக்க வேண்டும்?

வாங்குபவரின் பேங்க் வக்கீல் கேட்கப்போவதை இப்போதே சேர்த்து, ஸ்கேன் செய்து வையுங்கள்:

- உங்கள் அசல் கிரயப் பத்திரமும், மனையின் தாய்ப்பத்திர நகல்களும்
- கட்டுமான ஒப்பந்தம்
- 30 வருட வில்லங்கச் சான்று
- அனுமதி பெற்ற பிளானும் திட்ட அனுமதி ஆணையும். கட்டிடத்துக்குப் பொருந்தினால் பணி நிறைவுச் சான்று
- பட்டா நகல்
- சொத்து வரி, குடிநீர் வாரிய வரி, இபி ஆகியவற்றின் கடைசி ரசீதுகள்
- அசோசியேஷனின் பாக்கியில்லாச் சான்று

இதில் அதிகம் தொலைவது கட்டுமான ஒப்பந்தம். சென்னையில் பல ஃப்ளாட்டுகளுக்கு யுடிஎஸ் மட்டும்தான் கிரயப் பத்திரத்தில் வந்திருக்கும். கட்டிடத்துக்குப் பில்டருடன் தனி ஒப்பந்தம் போட்டிருப்பார்கள். பதிவான பத்திரத்தைப் பத்திரமாக வைத்தவர்கள் இதைச் சாதாரணத் தாள் என்று விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் கட்டிடம் உங்களுடையது என்று காட்டுவதில் சிக்கல் வரும், வருமான வரியில் வாங்கிய விலையைக் காட்டவும் கஷ்டம். பில்டரிடம் நகல் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

வில்லங்கத்தை டிஎன்ரெஜிநெட்டில் இலவசமாகவே பார்க்கலாம். ஃப்ளாட் எண், சர்வே எண், எல்லைகள் உங்கள் பத்திரத்தில் உள்ளபடியே வருகின்றனவா என்று ஒப்பிடுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் பிழைதிருத்தல் பத்திரம் போட வேண்டும். அதற்கு உங்களுக்கு விற்றவரும் வர வேண்டியிருக்கும். வாங்குபவர் கிடைத்தபின் இதைத் தொடங்கினால் அவர் காத்திருக்கமாட்டார்.

பிளானில் இல்லாத அறை, மூடிய பால்கனி, அனுமதியில்லாத மேல்தளம் போன்றவற்றை மறைக்க முடியாது, பேங்க் பொறியாளர் டேப் வைத்து அளப்பார். முன்னாலேயே சொல்லி, அதற்கேற்ற விலையும் சொல்லுங்கள்.

அசல் பத்திரம் தொலைந்திருந்தால் போலீஸ் புகார், பத்திரிகை அறிவிப்பு, கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று, சார்பதிவாளரிடம் சான்றிட்ட நகல் என்று சில மாதம் பிடிக்கும். இன்றே தொடங்குங்கள்.

ஃப்ளாட் அப்பா பெயரில். அவர் இல்லை. நான் மட்டும் விற்கலாமா?

முடியாது. வாரிசுச் சான்றில் உள்ள எல்லாரும் கையெழுத்திட வேண்டும், அல்லது தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து உங்களுக்கு விடுதலைப் பத்திரம் பதிவு செய்து கொடுக்க வேண்டும். மைனர் வாரிசு இருந்தால் பெரும்பாலும் நீதிமன்ற அனுமதி வரை போகும். அமெரிக்காவில் இருக்கும் தங்கையின் சம்மதத்தை வாங்குபவர் கிடைத்தபின் கேட்டுக்கொள்ளலாம் என்று விடுவதுதான் குடும்ப ஃப்ளாட்டுகள் விலைபோகாமல் கிடப்பதற்குப் பெரிய காரணம்.

வீட்டு லோன் இன்னும் பாக்கி. அசல் பத்திரம் பேங்கில். எப்படி விற்பது?

இது தினமும் நடப்பதுதான். உங்கள் பேங்கில் இரண்டு கடிதம் வாங்குங்கள்: கணக்கை முடிக்க எவ்வளவு, வசம் உள்ள பத்திரங்கள் எவை. வாங்குபவர் இவற்றைத் தன் பேங்கில் கொடுப்பார். அந்த பேங்க், பாக்கித் தொகைக்கான காசோலையை நேராக உங்கள் லோன் கணக்கின் பெயரில் எடுக்கும்; மிச்சம் உங்களுக்கு. இரண்டு பேங்கும் வேறு வேறு என்றால் பத்திரம் கைமாறும் இடைவெளிதான் தலைவலி. பணம் கட்டிய பிறகுதான் பத்திரம் என்கிறது ஒன்று, பத்திரம் பார்த்தபின்தான் பணம் என்கிறது இன்னொன்று. பாக்கி சிறிது என்றால் (ஐந்து, பத்து லட்சம்) கைப்பணத்திலோ வாங்குபவரின் அட்வான்ஸிலோ அடைத்துவிடுவது பல வார இழுபறியை மிச்சப்படுத்தும். மாறும் வட்டி வீட்டு லோனைத் தனிநபர் முன்கூட்டி முடித்தால் அபராதம் கிடையாது.

லோன் முடிந்தபின் எம்ஓடி (பத்திரத்தை பேங்கில் அடமானமாக ஒப்படைத்ததற்கான ஆவணம்) பதிவை நீக்க மறக்காதீர்கள். லோன் எடுத்தபோது சார்பதிவகத்தில் பதிவான அது, பணம் கட்டி முடித்தாலும் வில்லங்கத்தில் நின்றுகொண்டே இருக்கும். பேங்க் ரசீது ஆவணம் பதிந்து கொடுத்தால்தான் போகும். பத்திரத்தைத் திருப்பித் தர பேங்க் தாமதித்தால், 2023 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, முழுத்தொகை கட்டிய 30 நாளுக்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். எந்தக் கிளையில் பத்திரம் வேண்டும் என்று கேட்டு வாங்கவும் உரிமை உண்டு.

நான் வராமல் பவர் கொடுத்து முடிக்கலாமா?

முடியும். ஆனால் ஒரு முறை ரயில் ஏற முடியுமானால் ஏறுங்கள் என்பதே எங்கள் கருத்து. பவர் ஏஜென்ட் விற்கிறார் என்றாலே வாங்குபவர் தயங்குவார், அவர் பேங்க் கூடுதல் கேள்வி கேட்கும். பவர் மூலம் சொத்தையே கைமாற்றிக்கொள்ளும் வழக்கத்தை உச்ச நீதிமன்றம் 2011இல் செல்லாது என்றது. உண்மையான முகவராக ஒருவரை நியமித்து அவர் கிரயப் பத்திரம் எழுதிக்கொடுப்பது செல்லும்.

தமிழ்நாட்டில் அசையாச் சொத்துக்கான பவர் 2012 டிசம்பர் முதல் கட்டாயப் பதிவுக்கு உட்பட்டது. புனேயில் நோட்டரி முத்திரை போட்டு கூரியரில் அனுப்பியது போதாது. குடும்பத்தாருக்கு அல்லாமல் வெளியாளுக்கு விற்பனைப் பவர் கொடுத்தால் 2023 ஜூலை முதல் பதிவுக் கட்டணம் சொத்து மதிப்பில் 1%. வெளிநாட்டில் இருப்பவர் இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று அனுப்ப வேண்டும். அது இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரையிடப்பட வேண்டும். பதிவு நாளில் பவர் கொடுத்தவர் உயிரோடிருப்பதற்கான சமீபத்திய சான்றும் கேட்பார்கள். கொடுத்தவர் இறந்தால் பவரும் போய்விடும்.

வாசகத்தில் ஒன்றை விடாதீர்கள்: கையெழுத்திடும் அதிகாரம் ஏஜென்டுக்கு, பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு மட்டும். கணக்கு எண்ணையே எழுதிவிடலாம். புரோக்கருக்குப் பவர் கொடுக்கவே கூடாது.

அட்வான்ஸ் வாங்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

விற்பனை ஒப்பந்தமும் 2012 டிசம்பர் முதல் இங்கே பதிய வேண்டிய ஆவணம்தான். நடைமுறையில் பலர் பதியாமல் போடுகிறார்கள். பதியாத ஒப்பந்தத்துக்கு மதிப்பில்லை என்று எண்ணி, கூடுதல் விலை தருபவர் வந்ததும் முதலாமவரைக் கழற்றிவிடப் பார்ப்பவர்கள் உண்டு. அது ஆபத்து. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், பதியாத ஒப்பந்தத்தையும் ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரும் வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பதிந்தால் வேறு ஒரு சிக்கல். வாங்குபவர் நடுவில் விலகினால், வில்லங்கத்தில் ஏறிய அந்த ஒப்பந்தத்தை ரத்துசெய்ய இரண்டு பேரும் மறுபடி சார்பதிவகம் வர வேண்டும். விலகியவர் உற்சாகமாக வரமாட்டார். அதனால் பதிவதற்கு முன் அவருடைய லோன் முன் அனுமதிக் கடிதத்தைப் பாருங்கள். காலக்கெடு 60 முதல் 90 நாள். பேங்க் லோனுக்கு மூன்று முதல் ஆறு வாரம் ஆகும் என்பதால் 30 நாள் போட்டால் நீங்களே நீட்டித்துக்கொடுக்க நேரும். லோன் மறுக்கப்பட்டால் அட்வான்ஸ் முழுதும் திரும்புமா, மனம் மாறினால் எவ்வளவு பிடிப்பீர்கள், இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள். பிடித்துக்கொண்ட அட்வான்ஸ் உங்கள் வருமானமாகக் கருதப்பட்டு வரி வரும்.

பாதியைக் கேஷாகத் தருகிறேன், அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்புக்குப் பதியலாம் என்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?

வேண்டாம். அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம், அதுவும் வாங்கிய உங்களுக்கு. அந்தக் கேஷை வைத்து, நீங்கள் இப்போது இருக்கும் ஊரில் வீடு வாங்கவும் முடியாது.

வருமான வரி எவ்வளவு வரும்?

2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடப்பில் இருப்பதால் பழைய பிரிவு எண்களைத் தேடிக் குழம்ப வேண்டாம்.

விலையோ முத்திரை மதிப்போ 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் வாங்குபவர் 1% டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) பிடித்து, அந்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் கட்டுவார். கணவன், மனைவி இருவர் பெயரிலும் ஃப்ளாட் இருந்தால் இருவர் பான் எண்ணிலும் அவரவர் பங்குக்குத் தனித்தனியாகக் கட்டச் சொல்லுங்கள். ஒருவர் பானிலேயே மொத்தத்தையும் கட்டிவிட்டால் திருத்துவது பெரும்பாடு. பான், ஆதார் இணைப்பு இல்லாமல் முடங்கியிருந்தால் பிடித்தம் 20% வரை போகும்.

இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்த ஃப்ளாட்டின் லாபத்துக்கு 12.5% வரி. 2024 ஜூலை 23க்கு முன் வாங்கியிருந்தால், இந்தியாவில் வசிக்கும் தனிநபர் பணவீக்கத்தைச் சரிக்கட்டி 20% என்ற பழைய கணக்கையும் போட்டுப் பார்த்து, குறைவானதைக் கட்டலாம். 2014-15இல் பத்திரச் செலவு உட்பட 45 லட்சத்துக்கு வாங்கி, 2025-26இல் 70 லட்சத்துக்கு விற்றதாக வையுங்கள். நேர்க்கணக்கில் லாபம் 25 லட்சம், வரி 3.125 லட்சம், செஸ் தனி. பணவீக்கக் குறியீடு 240இலிருந்து 376 ஆனதால் 45 லட்சம் 70.5 லட்சமாகிறது, லாபமே இல்லை, வரியும் இல்லை. இந்த ஒரு கணக்கைப் போடாமல் மூன்று லட்சம் கட்டிவிட்டு வருபவர்கள் இருக்கிறார்கள்.

வரி வந்தால், லாபத்தில் வேறு வீடு வாங்கலாம் (விற்பதற்கு ஒரு வருடம் முன்போ, விற்ற இரண்டு வருடத்துக்குள்ளோ, கட்டுவதானால் மூன்று வருடம்), அல்லது ஆறு மாதத்துக்குள் ஆர்இசி, பிஎஃப்சி, ஐஆர்எஃப்சி போன்ற அரசு நிறுவனங்களின் கடன் பத்திரங்களில் 50 லட்சம் வரை ஐந்து வருடத்துக்குப் போடலாம். வருமான வரி ரிட்டர்ன் கெடுவுக்குள் வீடு அமையவில்லை என்றால் பணத்தை மூலதன ஆதாயக் கணக்கில் போட்டுவைக்க வேண்டும். சாதாரண எஃப்டி கணக்கில் சேராது.

வெளிநாட்டில் குடியிருப்பவர் விற்றால் டிடிஎஸ் 1% அல்ல. நீண்டகால லாப விகிதத்தில் பிடிப்பார்கள், நடைமுறையில் லாபத்துக்கல்லாமல் முழு விலைக்கும். குறைந்த பிடித்தச் சான்றுக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

வெள்ளம் வந்ததா என்று எல்லாரும் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

உள்ளதைச் சொல்லுங்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் என்ன ஆனது என்பது கூகுளில் இருக்கிறது. கீழ்வீட்டுக்காரரைக் கேட்டால் கையால் அளவு காட்டுவார். தெருவில் எவ்வளவு நின்றது, பார்க்கிங்கில் வந்ததா, மின்மீட்டர் பலகை, மோட்டார் உயர்த்தப்பட்டதா, எத்தனை மணி நேரத்தில் வடிந்தது என்று சொன்னால் நம்பிக்கை வரும்.

கட்டிடம் 30 வருடம் ஆகிவிட்டது. லோன் கிடைக்காது என்கிறார்கள்.

பேங்க், கட்டிடத்தின் மிச்ச ஆயுளைப் பார்த்து லோன் காலத்தைக் குறைக்கும். சில பேங்குகள் ஒதுங்கிவிடும். அப்போது உங்கள் வாங்குபவர் கைக்காசு உள்ளவரோ, யுடிஎஸ்ஸுக்காக வாங்குபவரோதான். 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024இல் நடைமுறைக்கு வந்தபின், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்பினால் இடித்துக் கட்ட வழி இருக்கிறது. அசோசியேஷனில் அந்தப் பேச்சு ஓடுகிறதா என்று விற்பதற்கு முன் விசாரியுங்கள். ஓடுகிறது என்றால் அவசரப்பட்டு விற்பது நஷ்டம். அண்டைவீட்டுக்காரரே திடீரென்று நல்ல விலை கேட்டால் காரணம் அதுவாக இருக்கலாம்.

விலையைக் குறைப்பதா, காத்திருப்பதா?

காத்திருப்பதற்கும் விலை உண்டு. 64 லட்சத்துக்கு 7% வட்டி என்றால் வருடம் 4.48 லட்சம், மாதம் சுமார் 37 ஆயிரம். மெயின்டனன்ஸ், வரி சேர்த்தால் காலி வீடு மாதம் 40 ஆயிரம் தின்கிறது. ஐந்து மாதம் தள்ளினால் இரண்டு லட்சம். எனவே இரண்டு லட்சம் குறைத்து இந்த மாதம் முடிப்பதும், ஐந்து மாதம் கழித்து முழு விலைக்கு முடிப்பதும் ஒன்றுதான். குறைப்பதானால் ஒரே தடவையாக 3 முதல் 5% வரை குறையுங்கள். மாதாமாதம் ஐம்பதாயிரம் குறைப்பதைப் பார்ப்பவர் அடுத்த மாதத்துக்காகக் காத்திருப்பார்.

ஆன்லைனில் கேட்டவர் ராணுவ அதிகாரியாம், பார்க்காமலே டோக்கன் அனுப்புகிறேன் என்கிறார்.

மோசடி. க்யூஆர் கோடு அனுப்பி ஸ்கேன் செய்யச் சொல்வார். பணம் வாங்க யாரும் பின் நம்பர் போட வேண்டியதில்லை. பத்திர நகலைக் கேட்பவர்களுக்கெல்லாம் முழுதாக அனுப்பாதீர்கள்: முதலில் யுடிஎஸ் விவரமும் பிளானும் போதும். அனுப்பும் நகலில் ஆதார் எண்ணையும் கையெழுத்தையும் மறைத்து, யாருக்கு அனுப்பியது என்று குறுக்கே எழுதுங்கள். வீடு பூட்டிக் கிடக்கும்வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வில்லங்கம் பார்ப்பது நல்லது. உங்களுக்குத் தெரியாமல் ஏதாவது பதிவாகியிருந்தால் அங்கேதான் முதலில் தெரியும்.

ஒரே பயணத்தில் பதிவை முடிக்க முடியுமா?

இரண்டு நாள் ஒதுக்கினால் முடியும். கிரயப் பத்திர வரைவை ஒரு வாரம் முன்பே மெயிலில் வாங்கி, பெயர், பான், அளவு, எல்லை, செக் எண்கள் எல்லாவற்றையும் சரிபாருங்கள். முகூர்த்த நாளில் சார்பதிவகத்தில் கூடுதல் வரிசை டோக்கன் விடுவார்கள், கூட்டமும் அதற்கேற்ப இருக்கும். சாதாரண நாளின் முதல் டோக்கன்களே உத்தமம். முதல் நாள் மாலை வாங்குபவருடன் வீட்டைச் சுற்றிவந்து மீட்டர் ரீடிங்கைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் அசல் ஆதார், பான், இரண்டு சாட்சிகள். கைரேகை வைப்பதற்கு முன் ஆர்டிஜிஎஸ் தொகை உங்கள் கணக்கில் ஏறியதைப் பேங்க் ஆப்பில் பாருங்கள், குறுஞ்செய்தியின் ஸ்கிரீன்ஷாட்டை நம்ப வேண்டாம். பேங்க் டிடி என்றால் அசலைக் கையில் வாங்கி, எண் பத்திரத்தில் உள்ளதுதானா என்று ஒப்பிடுங்கள். பதிவு முடிந்ததும் சாவியும் அசல் பத்திரங்களும் கொடுத்து, கொடுத்தவற்றின் பட்டியலில் கையெழுத்து வாங்குங்கள்.

விற்றபின் என் பெயரில் எதுவும் தொங்குமா?

இபி, சொத்து வரி, குடிநீர் இணைப்பு மூன்றும் வாங்குபவர் பெயர்மாற்றம் செய்யும்வரை உங்கள் பெயரில்தான். அவற்றுக்கான விண்ணப்பங்களில் பதிவு நாளன்றே கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பிறகு கூரியரில் தாள் வந்துகொண்டேயிருக்கும். அசோசியேஷனுக்கு உரிமை மாறியதை எழுத்தில் தெரிவியுங்கள். மெயின்டனன்ஸ் பாக்கிக்கு அவர்கள் உங்களைத்தான் அழைப்பார்கள். டிடிஎஸ் சான்று வாங்குபவரிடமிருந்து வர வேண்டும். இரண்டு மாதமாகியும் வரவில்லை என்றால் வருமான வரித் தளத்தில் உங்கள் பானுக்கு வரவு வந்திருக்கிறதா என்று பார்த்து, வராவிட்டால் உடனே அழைத்துக் கேளுங்கள்.